கை முந்தி, சத்தம் பிந்தி

எங்கள் சபையில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டுமென்றால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். பொன்னாடை போர்த்திவிடுவார்கள். மணி அடித்தவருக்கு அப்படித்தான் ஆயிற்று. ஞாயிறு பள்ளி நடத்திய அம்மாளுக்கும் அப்படித்தான். சால்வையைத் தோளில் போட்டு, நாலு நல்ல வார்த்தை பேசி, எல்லாரும் கை தட்டி முடித்தால், மறுவாரம் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். ஆகவே அறுவடைப் பண்டிகை அன்று எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்று ஐயரம்மா சந்தோஷமாக என் காதில் சொன்னபோது, என் நாற்காலிக்கு ஆள் பார்த்தாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஐயரம்மா என்றால் எங்கள் போதகரின் மனைவி. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிறுதோறும் கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். ஊரில் என்னை இரண்டாவது காரணத்துக்காக நேசிக்கிறார்கள். முதல் காரணத்தால் தெரிந்தவர்கள் என்னைக் கண்டால் இன்றும் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார்கள்.

எங்களிடம் இருந்த பழைய ஆர்கன் காலால் மிதித்துக் காற்றடிக்கும் வகை. அதைப் பற்றி உருக்கமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் பாதிக் கட்டைகள் ஈரத்தில் ஊறிப்போய், அழுத்தினால் எழும்பாது. துருத்திக்குள் எலி ஒன்று குடும்பம் நடத்தியது. கடைசியில் ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டின் நடுவே நீளமாகப் பெருமூச்சு விட்டு நின்றுபோனது. அப்பாடா என்று முதலில் சொன்னவள் நான்தான்.

சபைப் பொருளாளர் ஏரிக்குப் பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஊருக்கு முன்னால் செய்துவிட வேண்டும் அவருக்கு.

“டீச்சர், இனிமே ஆர்கன் வாங்குறதெல்லாம் ஓல்டு ஃபேஷன். ஒரு கீபோர்டு, ரெண்டு ஸ்பீக்கர், என்னோட லேப்டாப்பு. வெளிநாட்டு கதீட்ரல்ல இருக்கற பைப் ஆர்கன் சவுண்டு அப்படியே வரும். டாப் ஸ்பீடு லேப்டாப்பு டீச்சர் இது!”

அந்தக் கீபோர்டு வாயில்லாப் பூச்சி. தானாக எந்தச் சத்தமும் போடாது. நான் எந்தக் கட்டையை அழுத்தினேன் என்று ஒயர் வழியாக லேப்டாப்புக்குச் சொல்லும். லேப்டாப்தான் ஆர்கன் சத்தத்தை உண்டாக்கி, கூரையோரம் மாட்டிய ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஆராதனை முடிந்ததும் பொருளாளர் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஹோம்ஸ்டே புக்கிங் எல்லாம் அதில்தான். ஆகவே வாரநாளில் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்க்க எனக்கு வழியில்லை.

முதல் ஞாயிறு சத்தம் என்னவோ பரலோகத்திலிருந்து வந்ததுபோல் இருந்தது. ஆனால் நடுநடுவே எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் பட், பட் என்றது. பொருளாளர் ஓடி வந்து, திரையில் ஏதோ ஒரு குமிழைப் பிடித்துக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தார். வெடிப்பது நின்றது. “ஓகே ஆயிருச்சு டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகும் எப்போதாவது கடுகு வெடித்தால் வருவார், குமிழை இன்னும் கொஞ்சம் இழுப்பார், போவார்.

என் கஷ்டகாலம் அங்கேதான் தொடங்கியது.

நான் ஒரு வரி வாசிப்பேன். கூரையிலிருந்து சத்தம் சற்றுப் பிந்தி வரும். பாடகர் குழு அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பாடும், ஆகவே அவர்களும் பிந்துவார்கள். அவர்கள் பிந்துகிறார்களே என்று நான் நிதானிப்பேன். நான் நிதானித்தால் சத்தம் இன்னும் நிதானமாக வரும். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் இழுப்பார்கள். கல்யாண வீட்டு வாசலில் “நீங்க முதல்ல”, “இல்லீங்க, நீங்க முதல்ல” என்று உபசரித்துக்கொண்டு யாருமே உள்ளே போகாமல் நிற்கும் சம்பந்திகள்தான் நாங்கள். கடைசிச் சரணம் வரும்போது ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே தும்மலாம். தும்மியதற்குப் பக்கத்தில் இருப்பவரிடம் மன்னிப்பும் கேட்கலாம். பிரசங்கம் தொடங்க வேண்டிய நேரத்தில் நாங்கள் இரண்டாம் பாட்டில் இருந்தோம். ஐயர் தன் பிரசங்கத்தைச் சுருக்க வேண்டியதாயிற்று. அதற்காகச் சபையில் பலர் எனக்கு மனதார நன்றி சொன்னார்கள்.

“பாட்டு இப்பல்லாம் ரொம்ப பக்தியா இருக்கு டீச்சர்” என்றார் ஐயரம்மா.

பக்தி இல்லை, பயம். லேப்டாப் புதுசு, நான் பழசு. இரண்டில் எது கெட்டுப்போயிருக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கொடைக்கானல் குளிரில் காலையில் என் விரல்கள் மடங்கவே நேரமாகும். என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கும். காப்பிக் கோப்பை சாஸரில் தந்தியடிக்கும். அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. சமையலறையில் நின்று வேண்டுமென்றே படபடவென்று பீன்ஸ் நறுக்கிப் பார்த்தேன். கை நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக்காரர் ஒரு வாரம் மூன்று வேளையும் பீன்ஸ் தின்றார். டாக்டரிடம் போனேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். தொட்டேன். வேறு யார் மூக்கையாவது தொட்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்றார். சிரித்துவிட்டு வந்தேன், ஞாயிறு வந்தது, மறுபடியும் பிந்தினேன்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை பாடகர் குழுவின் இரக்கம். கட்டைக் குரலில் பாடுகிறவர் லாரி டிரைவர். கிளாவரையில் பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவர். கொண்டை ஊசி வளைவில் ஹார்னுக்குப் பதிலாக அவர் குரலையே வைக்கலாம். அவர் ஒரு நாள் என்னிடம் வந்து, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்.

“டீச்சர், நீங்க பையப் பைய வாசிங்க. நமக்கென்ன, வெரசாப் பாடி முடிச்சிட்டு என்ன சோலி கெடக்கு?”

“ஏலே, என்னையப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?” என்றேன்.

“அய்யோ, அதுக்கில்ல டீச்சர்…” என்று பின்வாங்கினார். ஆனால் கண்ணில் இரக்கம் அப்படியே இருந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாம்போல் இருந்தது எனக்கு.

பொன்னாடைச் செய்தி வந்தது இதற்குப் பிறகுதான். என் இடத்துக்கு ஆள் கூடத் தயார்: பொருளாளரின் மருமகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு, இப்போது ஹோம்ஸ்டேயின் மாடியறையிலிருந்தே வேலை பார்க்கிற பெண். மேற்கத்திய இசையில் பரீட்சையெல்லாம் தேறியவள். “டீச்சர் ரெஸ்ட் எடுக்கட்டும், இந்த சனிக்கிழமை பிராக்டிஸுக்கு மருமக வாசிக்கட்டும்” என்றார் பொருளாளர். அந்த நாற்காலி போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யார் என்று எனக்கே தெரியாது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போகக்கூடாது என்று நினைத்து, எல்லாருக்கும் முன்னால் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் வாசித்தாள். நல்ல விரல்கள், இளம் விரல்கள். முதல் சரணம் பிந்தியது. இரண்டாம் சரணம் இழுத்தது. மூன்றாவதில் லாரி டிரைவர் ஒரு வார்த்தையின் நடுவில் கொட்டாவி விட்டு முடித்து மிச்சத்தைப் பாடினார். எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்கக் குனிந்து ஜெபிப்பதுபோல் இருக்க வேண்டியதாயிற்று. நிமிர்ந்தபோது அவள் கை கண்ணில் பட்டது. விரல் கட்டையை அழுத்தியது. விரல் எழும்பியது. அதற்கப்புறம் கூரையிலிருந்து சத்தம் வந்தது. மறுபடி பார்த்தேன். அழுத்தினாள், எடுத்தாள், சத்தம் வந்தது. வாசிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த வரைக்கும் தெரியாத ஒன்று, எதிரே உட்கார்ந்ததும் பளிச்சென்று தெரிந்தது.

“நிறுத்து!” என்று வகுப்பில் கத்துவதுபோல் கத்திவிட்டேன். பழைய மாணவர்கள் இருவர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

மருமகள் முகம் வெளுத்திருந்தது. “ஆன்ட்டி, சாரி. என் கைக்கு என்னமோ ஆயிருச்சு” என்றாள்.

“உன் கைக்கு ஒன்னும் ஆகலம்மா. என் கைக்கும் ஒன்னும் ஆகல” என்றேன்.

பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை. டாப் ஸ்பீடு லேப்டாப் எப்படிப் பிந்தும்? இரண்டு பேருக்கும் டென்ஷன் என்றார். சால்வை வேறு வாங்கியாகிவிட்டது. எங்கள் சபையில் வாங்கிய சால்வையைத் திருப்பிக் கொடுத்ததாக வரலாறு கிடையாது. பாடகர் குழுவிடமும் சொல்லிப் பார்த்தேன். “ஆமா டீச்சர், கம்ப்யூட்டர்தான் டீச்சர்” என்று எல்லாரும் ஒரே குரலில், அதே இரக்கத்தோடு தலையாட்டினார்கள்.

மருமகள் மட்டும் விடவில்லை. லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்து நோண்டினாள்.

“ஆன்ட்டி, இது ஸ்லோவே இல்ல. ரொம்ப நியாயமா நடந்துக்குது. அதான் பிரச்சனை” என்றாள்.

நான் மூன்றாம் சரணம் வாசித்துக்கொண்டிருக்கும்போது அந்த லேப்டாப் ஹோம்ஸ்டே போட்டோக்களை எங்கோ ஏற்றிக்கொண்டிருக்கிறது. வைரஸ் தேடுகிறது. தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. யாராவது அறை கேட்டார்களா என்று பார்க்கிறது. அதற்கு எல்லாரும் சமம். ஆளுக்குக் கொஞ்சம் என்று முறை வைத்து எல்லா வேலையையும் செய்கிறது. கர்த்தரின் புகழுக்கும் அதே வரிசைதான். சத்தத்தின் முறை வரத் தாமதமானால் நடுவே வெற்றிடம் விழுந்து கடுகு வெடிக்கிறது. வெடிக்காமல் இருக்க, சத்தத்தை முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு அதிலிருந்து விடுகிறது. எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் அந்தக் குமிழ்.

கொடைக்கானல்காரிக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வீட்டுக்கு வீடு பெரிய டிரம். நான் அழுத்திய சுரம் டிரம்மின் மேலே விழுந்து, முன்னால் இருக்கும் தண்ணீரெல்லாம் தீர்ந்து, அடியில் இருக்கும் குழாய் வழியாக வெளியே வருவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பொருளாளர் குமிழை இழுக்க இழுக்க டிரம் பெரிதாகியிருக்கிறது. எனக்கு வாராவாரம் வயசு ஏறியது அங்கேதான்.

தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வரும் என்றால் டிரம் எதற்கு, ஒரு செம்பு போதும். அப்படிச் சொன்ன நேரத்துக்கு வருகிற வித்தை இருக்கிறதாம். அதற்குப் பெயர் ரியல் டைம். தொழிற்சாலையில் இயந்திரக் கைகளை ஆட்டிவைப்பதற்கெல்லாம் வேண்டிய சங்கதி அது. முன்பெல்லாம் வேண்டியவர்கள் தனியாக ஒட்டுப்போட்டுச் சேர்த்துக்கொள்வார்களாம். இப்போது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு உள்ளேயே வந்துவிட்டதாம். வீட்டில் இருக்கும் சாதாரண லேப்டாப்பே போதுமாம்.

“அப்ப ரொம்ப வேகமா ஓடுமா?” என்று கேட்டேன்.

“வேகம் இல்ல ஆன்ட்டி. நீங்க கட்டைய அமுக்குனா, அது என்ன வேலை பண்ணிட்டிருந்தாலும் அப்படியே போட்டுட்டு எந்திரிச்சு வரும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா! வாழ்க்கையில் எனக்கு அப்படி யாருமே எழுந்து வந்ததில்லை. நான் கூப்பிட்டால் என் வீட்டுக்காரர் பேப்பரைக் கடைசி வரி வரை படித்து, நாலாக மடித்து, கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்ட பிறகுதான் “என்ன?” என்பார்.

மாமனாரின் லேப்டாப்பில் கைவைக்க முடியாது. மருமகளிடம் பெங்களூர் காலத்துப் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. திரை கழுத்தில் நிற்காது. பின்னால் ஒரு செங்கலை முட்டுக்கொடுத்தால்தான் நிற்கும். அதில் லினக்ஸை ஏற்றி, ரியல் டைம் வேலை செய்யும்படி அமைத்து, குமிழை இடது கோடிக்குத் தள்ளினாள். வாரநாள் மத்தியானம், கோயிலில் நாங்கள் இருவர் மட்டும்.

“ஆன்ட்டி, நீங்க வாசிங்க. நான் இதை எவ்வளவு தொந்தரவு பண்ண முடியுமோ பண்றேன். அப்பத்தான் நம்பலாம்” என்றாள்.

வாசித்தேன். அவள் ஒரு சமையல் வீடியோவைத் திறந்தாள். இன்னொன்றைத் திறந்தாள். ஒரே நேரத்தில் எத்தனை அம்மாமார் எத்தனை குழம்பு வைத்தார்களோ, படமெல்லாம் விக்கி விக்கி நின்றது. அம்புக்குறி திரையில் நகரவே மறுத்தது. ஆனால் என் விரல் தொட்ட இடத்தில், தொட்ட நொடியில், கூரையிலிருந்து ஆர்கன் பேசியது. ஒரு கடுகுகூட வெடிக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணும் அழுதாள். அவளுக்கும் அந்த ஒரு சனிக்கிழமை போதுமான அளவு வயசு ஏறியிருந்தது. பின்னணியில் யாரோ தாளித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அறுவடைப் பண்டிகையில் விளைந்ததை ஏந்திக்கொண்டு எல்லாரும் வாசலிலிருந்து பீடம் வரை பவனியாக வருவார்கள். பாட்டின் தாளத்துக்குத்தான் அடி வைக்க வேண்டும். முன்னால் ஐயர். பின்னால் கேரட், காலிஃபிளவர், பூண்டுக் கத்தை ஏந்திய பெண்கள். கடைசியில் பாடகர் குழு ஆண்கள், கனமானதைத் தூக்கிக்கொண்டு. அந்த வருஷம் லாரி டிரைவர் தோளில் ஒரு பூசணிக்காய். ஞானஸ்நானம் கொடுக்கலாம்போல் அவ்வளவு பெரிசு. பொருளாளர் முதல் வரிசையில் மடியில் சால்வைப் பொட்டலத்தோடு, மருமகளின் பிடிவாதத்துக்காக வைக்கவிட்ட அந்தச் செங்கல் முட்டுக்கொடுத்த லேப்டாப்பை அவநம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தொடங்கினேன். சத்தம் விரலோடு வந்தது. பாடகர் குழுவின் குரல் வரவில்லை. பழக்கதோஷம், ஒரு மூச்சு நின்று, எனக்கு வழிவிட்டு, அப்புறம் வாய் திறந்தார்கள். வேறு நாளாக இருந்தால் நான் நின்றிருப்பேன். நிற்கச் சொல்லிக் கை துடித்தது. நான் நிற்கவில்லை. அந்த வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போனேன். கூட்டத்தில் கலவரம் தெரிந்தது. ‘ஐயோ, டீச்சர் போயிட்டாங்க!’ என்பது அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது. துரத்த ஆரம்பித்தார்கள். பாட்டு விரைந்தது; பாட்டோடு கால்களும் விரைந்தன. கேரட் கூடைகள் குலுங்கின. ஒரு முட்டைக்கோஸ் விழுந்து, வரிசையை முந்திக்கொண்டு பீடத்தை நோக்கி உருண்டது. காலிஃபிளவர் முதுகில் இடிக்கவே ஐயர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டி நடந்தார். கடைசியில் பூசணிக்காய் ஓடி வந்தது. அதன் அடியிலிருந்து, மூச்சிரைப்புக்கு நடுவே, ஒரு சுரமும் தவறாமல் கட்டைக் குரல் வந்தது. ஆமென் என்று நான் கடைசிக் கட்டைகளை அழுத்தவும் பூசணிக்காய் பீடத்துப் படியில் தொம்மென்று இறங்கவும் சரியாக இருந்தது.

பிறகு பொருளாளர் மைக்குக்கு வந்தார். என்னைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். தயாரித்து வைத்திருந்த பேச்சை எச்சிலோடு விழுங்குவது தெரிந்தது. “நம்ம டீச்சர்… இத்தன வருஷம்… இனிமேலும்…” என்று சொல்லி, சால்வையை என் தோளில் போட்டார். கை தட்டினார்கள். நான் அதை அப்படியே எடுத்து லேப்டாப்புக்குப் போர்த்தினேன். சன்னல் வழியாக மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது, ஈரம் பட்டால் கெட்டுவிடும். எங்கள் சபையில் பொன்னாடை போர்த்திய பிறகும் வேலையில் இருப்பது அந்த லேப்டாப்பும் நானும்தான்.

வெளியே, பவனியில் வந்த காய்கறிகளின் ஏலம் நடந்தது. லாரி டிரைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“டீச்சர், கை நல்லாயிருச்சா?”

“கைக்கு ஒரு கேடும் இல்லலே. கம்ப்யூட்டர்தான் பிந்துச்சு. நான்தான் சொன்னேன்ல?”

“சொன்னீங்க. டீச்சர் மானத்துக்காவச் சொல்றாங்கன்னு நெனச்சோம்.” தலையைச் சொறிந்தார். “அதான் டீச்சர், எங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு பேசி வச்சிருந்தோம். என்ன ஆனாலும் யாரும் டீச்சர முந்தக்கூடாது. டீச்சர் கை வந்து சேந்த பெறவுதான் வாயத் தொறக்கணும். வெள்ளனே லாரிய எடுக்கணும்ங்கற அன்னைக்கிக்கூட நான் முந்தல டீச்சர்.”

கணக்கு டீச்சருக்கு அப்போதுதான் கணக்கு முழுசாகப் புரிந்தது. லேப்டாப் பிந்தியது கொஞ்சம்தான். மிச்ச இழுவையெல்லாம் இவர்கள் எனக்காக நின்றது. மருமகள் வாசித்த அன்று இழுத்ததும் அதே பழக்கத்தில்தான். என்னை முட்டாளாக்கி, என் பாட்டை நாசமாக்கி, என் தூக்கத்தைக் கெடுத்து, எனக்குப் பொன்னாடை வரை கொண்டுவந்தது இவர்களுடைய அந்த இரக்கம்தான். நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பூசணிக்காயை யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு லேப்டாப் சொன்னபடி கேட்டது. பாடகர் குழு இன்னும் என் வேகத்துக்குப் பழகவில்லை. கடைசி வரியில் ஆளுக்கொரு இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். நான் முதலிலேயே ஆமெனுக்குப் போய்விட்டேன். அத்தனை பேரும் வந்து சேரும்வரை கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை.